வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர் ஆரம்பாக்கம். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. வடக்கே எல்லையைத் தாண்டினால் ஆந்திராவின் தடா, அடுத்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை. இரண்டு பக்கமும் ஆள் தேவை. நடுவில் இருந்துகொண்டு, பெரிய கம்பெனிகளுக்கு ஷீட் மெட்டல் பாகங்களை ஜாப் ஒர்க்காகச் செய்துகொடுக்கும் சிறு யூனிட்டை நடத்துகிறேன். "நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் ஓடிவிடுகிறார்கள்" என்று சக முதலாளிகள் அலுத்துக்கொள்வார்கள். நான் பார்த்தவரையில், கூலி போதவில்லை என்று போனவர்களைவிட, மரியாதை இல்லை, கேட்க நாதி இல்லை என்று போனவர்களே அதிகம்.

இது இன்றைக்குப் புதிதாக வந்த விஷயமும் இல்லை. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் சொன்ன குறைகள் கூலியோடு நிற்கவில்லை. மேலே இருந்தவர்களின் அடியும் வசவும், மதியச் சோற்றை நிம்மதியாகச் சாப்பிட நேரம் இல்லாததும் அதில் இருந்தன. நூறு ஆண்டு கடந்தும் தொழிலாளி கேட்பது பெரிதாக மாறவில்லை. தொழில் தொடங்க வரும் இளைஞர்களுக்கு நான் சொல்பவை இவை.

சம்பளத் தேதி தவறக் கூடாது

மாதச் சம்பளத்தை மறுமாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். "பார்ட்டியிடமிருந்து பணம் வரவில்லை, பத்து நாள் பொறு" என்பது பல பட்டறைகளில் வழக்கம். கம்பெனிப் பணம் தாமதமாவது உண்மைதான். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மிகாமல் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே இருந்தும் நாம் அலைகிறோம். ஆனால் அது நமக்கும் கம்பெனிக்கும் உள்ள கணக்கு. பிரஸ் மெஷினில் நின்றவர் தன் வேலையை முடித்துவிட்டார். அவரை அதில் இழுக்கக் கூடாது.

ஒரு மாதச் சம்பளத் தொகையைத் தனி வங்கிக் கணக்கில் வைத்திருக்கிறேன். ஷீட் வாங்கவோ, மெஷின் பழுது பார்க்கவோ அதைத் தொடுவதில்லை. எடுத்த எடுப்பில் அவ்வளவு பணம் சேராது. வரும் ஒவ்வொரு பில் தொகையிலும் கொஞ்சம் ஒதுக்கி வாருங்கள், சேர்ந்துவிடும். சொன்ன தேதியில் சம்பளம் கொடுக்கும் முதலாளி சொல்லும் மற்ற வார்த்தைகளையும் ஆட்கள் நம்புவார்கள்.

காண்ட்ராக்டர் ஆளும் நம் ஆள்தான்

2020 மே மாதம், கொரோனா ஊரடங்கின்போது, இந்த நெடுஞ்சாலையில் ஒடிசாவுக்கும் பீகாருக்கும் நடந்தே கிளம்பியவர்களை நாங்கள் பார்த்தோம். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில், காலில் ரப்பர் செருப்பு. நிறுத்திக் கேட்டால் பலரிடமிருந்தும் வந்த பதில், காண்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை என்பதுதான். அவர்கள் எந்த கம்பெனிக்காக உழைத்தார்களோ, அங்கே அவர்கள் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது.

காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் வேலை கொடுத்த முதலாளியே தரவேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் எழுதிவைத்தது. சட்டம் சொல்வதற்கு முன்பே மனசாட்சி சொல்லவேண்டிய விஷயம் இது. காண்ட்ராக்டரின் பில்லில் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: போன மாதச் சம்பளம் ஆட்களின் வங்கிக் கணக்கில் ஏறிய விவரம், பி.எஃப். கட்டிய சலான், ஒவ்வொருவரின் ஈ.எஸ்.ஐ. எண்.

இதில் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்குச் சம்பளத்தில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நம் பங்கு 3.25 சதவீதம். வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்றே பதிவு செய்துவிடுங்கள். அடிபட்டவரை ஆஸ்பத்திரி வாசலில் உட்காரவைத்துவிட்டு எண்ணைத் தேடும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

காண்ட்ராக்டர் ஆட்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பீகார் ஆட்கள் சத் பூஜைக்கு ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டால், பொங்கலுக்கு நாம் கேட்கும் லீவு மாதிரி அதையும் மதியுங்கள்.

டார்கெட் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும்

பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம் என்னும் அழுத்தும் பாகம் கீழே இறங்கும். அந்த நேரத்தில் கை டை என்னும் அச்சுக்குள் இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. சில இடங்களில் ஒரு பட்டனில் மரத்துண்டைச் செருகி டேப் சுற்றிவிடுவார்கள். ஒரு கை பட்டனில் இருக்கும். மறு கை ஷீட்டைத் தள்ளிக்கொண்டு டைக்குள் போய்வரும். பீஸ் எண்ணிக்கை கூடும். ஒரு நாள் விரல் போகும். "பையன் அவசரப்பட்டுவிட்டான்" என்பார்கள். ஷிஃப்டுக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதி அவனை அவசரப்படுத்தியவர் யார்?

இரண்டு கையாலும் நிதானமாக ஓட்டினால் எவ்வளவு வரும் என்று பக்கத்தில் நின்று பார்த்துத்தான் டார்கெட் போடுகிறேன். காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் எல்லா பிரஸ்ஸின் பட்டன்களையும் நானே அழுத்திப் பார்க்கிறேன். மெஷினில் சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டு வந்து சொல்லலாம், அதற்காக யாரும் திட்டமாட்டார்கள் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். நிறுத்தியவரைத் திட்டாமல் இருந்தால்தான் அடுத்தவர் நிறுத்துவார்.

பழி நமக்கு, பாராட்டு அவர்களுக்கு

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் எங்கள் ஊர் மாடியிலிருந்தே பார்க்கலாம். அங்கே நடந்த ஒரு சம்பவத்தைவிடத் தலைமைக்கு நல்ல பாடத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. 1979 ஆகஸ்ட் 10 அன்று அங்கிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3, கோளாறு ஏற்பட்டு வங்கக் கடலில் விழுந்தது. திட்டத்துக்குப் பொறுப்பாளர் அப்துல் கலாம். ஆனால் பத்திரிகையாளர்கள் முன் போய் நின்று தோல்விக்குப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த முயற்சியில், 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் சேர்ந்தபோது, செய்தியாளர்களிடம் பேச தவான் கலாமை அனுப்பினார். கலாம் இதைக் கடைசிவரை ஊர் ஊராகச் சொல்லிவந்தார்.

நம் பட்டறைக்கும் இது பொருந்தும். லாட் ரிஜெக்ட் ஆனதென்று கம்பெனியிலிருந்து போன் வந்தால் "ஆபரேட்டர் கவனிக்கவில்லை" என்று சொல்லாதீர்கள். "சரக்கு என் கேட்டைத் தாண்டி வந்திருக்கிறது, நான் பொறுப்பு, மாற்றித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். பிறகு உள்ளே உட்கார்ந்து டை தேய்ந்ததா, அளவு பார்க்கும் கேஜ் சரியில்லையா, ஓவர்டைமில் ஆள் களைத்துப்போனாரா என்று ஆளோடு சேர்ந்து பாருங்கள். பயப்படாத ஆள்தான் உண்மையைச் சொல்வார். உண்மை தெரிந்தால்தான் அதே தவறு திரும்ப வராது.

தொழில் தொடங்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றே ஒன்று: உங்கள் கூரையின் கீழ் நிற்கும் ஒவ்வொருவரின் பெயரும் சம்பளத் தேதியும் ஈ.எஸ்.ஐ. எண்ணும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். இவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அடுத்த மெஷினுக்கு ஆர்டர் கொடுங்கள்.