காகிதத்துக்கு மதிப்பு வந்தது எப்படி?

பணத்தை உண்ண முடியாது, உடுக்கவும் முடியாது. ஆயினும் நூறு ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டினால், கடைக்காரர் அரிசியும் பருப்பும் நிறுத்துத் தருகிறார். அதே அளவுள்ள வெள்ளைத் தாளை நீட்டினாலோ நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். இரண்டும் காகிதந்தானே? ஒன்றுக்கு மட்டும் மதிப்பு எங்கிருந்து வந்தது? சற்று ஆராய்வோம்.

சங்க காலத்தில் உமணர்கள் வண்டிகளில் உப்பேற்றிச் சென்று, அதை நெல்லுக்கு மாற்றினார்கள். இது பண்டமாற்று. நெல் வைத்திருப்பவருக்கு உப்பு வேண்டாமென்றால் வியாபாரம் நடவாது. ஆகவே எல்லாரும் விரும்பும் பொன்னும் வெள்ளியும் காசுகளாயின. ஆனால் காசு மூட்டையைச் சுமப்பது எளிதன்று. சீனாவின் சிச்சுவான் பகுதியில் கனமான இரும்புக் காசுகள் வழங்கி வந்தன. வணிகர்கள் அவற்றை ஓரிடத்தில் ஒப்படைத்து, ரசீது பெற்றார்கள். நாளடைவில் அந்த ரசீதே கைமாறத் தொடங்கியது. 11-ஆம் நூற்றாண்டில் அரசாங்கமே அத்தகைய தாள்களை வெளியிட்டது.

இனி, நம் நூறு ரூபாய் நோட்டைப் பார்ப்போம். 'இதைக் கொண்டு வருபவருக்கு நூறு ரூபாய் கொடுப்பதாக வாக்களிக்கிறேன்' என்ற பொருளுள்ள வாசகமும், அதன் கீழ் ரிசர்வ் வங்கி கவர்னரின் கையொப்பமும் இருக்கின்றன. 1935 ஏப்ரல் 1-இல் தொடங்கப்பட்ட வங்கி அது. அங்கே சென்று கேட்டால் தங்கம் கிடைக்குமா? கிடைக்காது. வேறு நோட்டுகளோ சில்லறையோதான் கிடைக்கும்.

நோட்டுக்கு ஈடாக அவ்வளவு தங்கம் பூட்டி வைக்கப்பட்டுள்ளது என்று பலர் எண்ணுகிறார்கள். 1957-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி, குறைந்தது 115 கோடி ரூபாய் மதிப்புள்ள தங்கம் உட்பட 200 கோடி ரூபாய்க்குத் தங்கமும் அந்நியப் பத்திரங்களும் இருந்தால் போதும். 2024-இல் புழக்கத்தில் இருந்த நோட்டுகளோ 30 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம்!

அப்படியானால் மதிப்பைத் தருவது எது? நம்பிக்கைதான். மில்காரர் வாங்கிக்கொள்வார் என்று நம்பிக் கடைக்காரர் நோட்டை வாங்குகிறார். உழவர் வாங்குவார் என்று மில்காரர் நம்புகிறார். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குச் செல்லும் என்று உழவர் நம்புகிறார். இந்தச் சங்கிலிக்குச் சட்டம் காவல் நிற்கிறது. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாவென்று அரசு அறிவித்தது. தாளும் மையும் மாறவில்லை; ஆனால் மறுநாள் அவற்றை ஏற்கக் கடைக்காரர்கள் தயங்கினார்கள். வங்கியில் செலுத்த ஓடியவர்களின் நீண்ட வரிசையை நாடே கண்டது.

"அரசாங்கம் நிறைய நோட்டு அச்சிட்டு எல்லாருக்கும் கொடுத்தால் ஏழ்மையே இராதே!" என்று சிறு வகுப்பு மாணவிகள் கேட்பதுண்டு. ஊரில் பத்து மூட்டை அரிசிதான் உண்டு என்று வைத்துக்கொள்வோம். எல்லார் கையிலும் பணம் இருமடங்கானால் அரிசி இருமடங்காகுமா? விலைதான் ஏறும். ஜெர்மனியில் இது நடந்தே விட்டது. 1914-இன் தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 4 மார்க். அளவின்றி அச்சிட்டதால் 1923 நவம்பரில் 4 லட்சம் கோடி மார்க்குக்கும் மேல்! வாழ்நாள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேமித்த முதியோர், அந்தச் சேமிப்பால் ஒரு ரொட்டிகூட வாங்க முடியாமல் தவித்தார்கள். பிறகு 'ரென்டன்மார்க்' என்ற புதிய பணம் வந்தது. அதுவும் காகிதமே. ஆனால் இவ்வளவுதான் வெளியிடுவோம் என்று வரம்பு கட்டி, அந்த வரம்பைக் காத்ததால் மக்கள் அதை நம்பினார்கள்.

ஆகவே கள்ள நோட்டு அடிப்பவன் ஒரு கடைக்காரரை மட்டும் ஏமாற்றவில்லை. எல்லாருடைய நம்பிக்கையையும் களவாடுகிறான்.

'நாணயம்' என்ற சொல் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாத நேர்மையையும் குறிக்கும். இரண்டும் ஒரே சொல்லாய் அமைந்தது எவ்வளவு பொருத்தம்! இரவல் வாங்கிய புத்தகத்தைச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுக்கும் மாணவியின் வாக்கும் செல்லுபடியாகும் நோட்டுத்தான். நாம் அதன் மதிப்பைக் குறையாமல் காப்போமாக.