ஆண்மகவுக்கு அரிய பெயர்

அம்பத்தூரில் வாழும் நம் நண்பர் ஒருவர்க்கு ஆண்மகவு பிறந்தது. வேறெப்பிள்ளைக்கும் இல்லாத பெயரொன்றை அவர் நாடினார். அவர் குறித்து வைத்திருந்தவற்றுள் பல, எம்மொழியிலும் பொருள் பெறாத வெற்றோசைகள். அவர்தம் அன்னையாரோ, "நான் கூப்பிட முடியாத பெயரைப் பேரனுக்கு இடாதே" என்று வருந்தினார். இருவர் விருப்பமும் ஒருங்கே நிறைவேறுமோ என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அவ்வூரைச் சூழ நோக்குவோம். ஆவடிக்கு அணித்தாகிய திருநின்றவூரில் வாழ்ந்தவர் பூசலார் நாயனார். பொருளின்மையால் மனத்துள்ளேயே கோயில் எடுத்தவர். பூசல் என்பது போரையும் ஆரவாரத்தையும் குறிக்கும் சொல். அவர் வாழ்க்கையோ அமைதியே உருவானது. பூவிருந்தவல்லிக்கு அருகேயுள்ள திருவேற்காட்டில் மூர்க்க நாயனார் தோன்றினார். சூதாடி வென்ற பொருளால் அடியார்க்கு அமுதளித்த அவர், ஆட்டத்தில் பொய்த்தவரைக் குத்தியமையால் அப்பெயர் எய்தினார். இவ்விரு பெயரும் அரியனவே. ஆயினும் எத்தந்தையும் தன் மகவுக்கு இடத் துணியான். ஆகவே அருமை ஒன்றே போதாது என்பது தெளிவு. பெயரின் வரலாறு அறியாதார் அதன் சொற்பொருளையே கொள்வர். அதனால் வரும் நகைப்பைத் தாங்குபவன் தந்தையல்லன், பிள்ளையே.

இனி, புதுப்பெயர் ஆக்கலாகாதோ எனின், ஆக்கலாம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராய் விளங்கிய வேதாசலம், பின்னர்த் தனித்தமிழ் இயக்கங்கண்டு மறைமலையடிகள் ஆனார். மக்கள் பெயரையும் அவ்வாறே மாற்றினார்: திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆயிற்று, மாணிக்கவாசகம் மணிமொழி ஆயிற்று. முன்னது பொருளிற் குறைவற்றது. எனினும் அழைத்தற்கு நீண்டது. பின்னது கேட்டவுடன் விளங்கும்; நாவுக்கும் எளிது. புதுப்பெயர்க்கு இவ்விரண்டும் இன்றியமையாதன.

பெயரிடுதற்கு விரைதலும் வேண்டா. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, பெயர் குறியாமலே பிறப்பைப் பதியலாம். பன்னிரண்டு திங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குள் பெயரைப் பன்முறை உரக்க அழைத்துப் பார்த்தல் நன்று: தெருவில் அழைக்க இயலுமா, ஆசிரியர் பிழையின்றி எழுதுவாரா, அறுபது ஆண்டு முதியவர்க்கும் பொருந்துமா என எண்ணுக.

நண்பர்க்கு நாம் ஒரு பெயரையே நினைவூட்டினோம். அம்பத்தூர்க்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயிலில் எழுந்தருளிய இறைவன் பெயர் மாசிலாமணி. குற்றமற்ற மணி என்பது பொருள். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் பயின்று வந்த பெயர் அது. இன்று பிறக்கும் பிள்ளைகட்கு அருகியே இடப்படுகின்றது. தந்தை விரும்பிய அருமையும் பாட்டியார் விரும்பிய எளிமையும் அதில் ஒருங்கே அமைந்தன. நண்பர் அதனையே பதிந்தார். பாட்டியார் அதற்கு முன்னரே பேரனை "மணி" என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்.