முதல் பங்க் கச்சேரிக்குப் போகிறவருக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு சிறிய கிளப். மேடையில் சகோதரிகள் இருவர், ஒரு டிரம் செட், ஒரு கிட்டார். பங்க் ராக்கை முதன்முதலில் நேரில் கேட்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்பேன். இரண்டே பேர் என்பதால் யார் என்ன செய்கிறார் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

முதலில் ஆல்பம் கேளுங்கள்

ஸ்கேட்டிங் பாலியிலிருந்து தொடங்கலாம். பெற்றோர் இணைந்ததால் சகோதரிகள் ஆன கெல்லி மேயோவும் பேட்டன் பிக்ஹார்ஸும் 2009-ல் ஒக்லஹோமாவில் தொடங்கிய குழு இது. அப்போது கெல்லிக்கு 9 வயது, பேட்டனுக்கு 14. அவர்களின் ‘லாஸ்ட் வொண்டர்ஃபுல்ஸ்’ ஆல்பத்தை (2013) தயாரித்தவர், ‘எக்ஸ்’ என்ற லாஸ் ஏஞ்சலிஸ் பங்க் குழுவின் பாடகி எக்ஸீன் செர்வென்கா. 2017-ல் கெல்லியின் சகோதரர் கர்டிஸ் டிரம்ஸுக்கு வந்ததும் குழு மூவரானது. இருவராக இருந்த காலத்து ஆல்பங்களை முதலில் கேளுங்கள்.

டிக்கெட்டில் பார்க்க வேண்டியது

வயது வரம்பு. பல கிளப்களில் 21 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. ‘ஆல் ஏஜஸ்’ என்று போட்டிருந்தால் யாரும் போகலாம். மது வாங்க முடியாதவர்களின் கையில் மார்க்கரால் எக்ஸ் போட்டுவிடுவார்கள். ‘டோர்ஸ்’ என்பது கதவு திறக்கும் நேரம் மட்டுமே. முதலில் பாடும் குழுவைத் தவறவிடாதீர்கள். அடுத்து நீங்கள் தேடிப் போகப்போகும் குழு அதுவாகவே இருக்கலாம்.

காதுக்கு

100 டெசிபலில் 15 நிமிடத்துக்கு மேல் இருப்பது ஆபத்து என்கிறது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ். கிளப் கச்சேரி அந்த அளவைச் சாதாரணமாகத் தொடும். பஞ்சு போன்ற காதடைப்பான் போதும். வெட்கப்பட வேண்டாம், மேடையில் இருப்பவர்களே போட்டிருப்பார்கள்.

எங்கே நிற்பது

பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டுமா, ஒலிப் பொறியாளரின் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். மேடைக்கு நேர் முன்னால் தள்ளுமுள்ளு இருக்கும். யாராவது விழுந்தால் உடனே தூக்கிவிட வேண்டும். அங்கே மீறக் கூடாத விதி அது ஒன்றுதான். 1990-களில் பிகினி கில் என்ற பங்க் குழுவின் பாடகி கேத்லீன் ஹன்னா, ஆண்கள் அடைத்துக்கொண்டிருந்த முன்வரிசைக்குப் பெண்களை வரச் சொல்லி அழைத்தார். இன்றும் குள்ளமானவருக்கு வழிவிடாத உயரமான ஆசாமிகள் உண்டு. தோளைத் தட்டிக் கேளுங்கள்.

எதைப் பார்ப்பது

ஸ்கேட்டிங் பாலி இருவராக இருந்தபோது கெல்லியின் கையில் இருந்தது பேஸிட்டார். கிட்டார் உடல், ஆனால் தந்தி இரண்டுதான். பேஸ் வாசிக்க மூன்றாவது ஆள் இல்லாத குறையை அந்தத் தடித்த ஒலி நிரப்பிவிட்டது. வேறு இருவர் குழுக்களில் சிலர் ஒரே கிட்டாரின் ஒலியைப் பிரித்து, கிட்டார் ஒலிபெருக்கி (ஆம்ப்), பேஸ் ஒலிபெருக்கி இரண்டுக்கும் அனுப்புவார்கள். பாடகியின் பாதத்தையும் பாருங்கள்: பெடலை மிதித்த கணத்தில் இரைச்சல் இரட்டிக்கும்.

இருவராக இருந்த காலத்தில், பாட்டு முடிந்ததும் கெல்லியும் பேட்டனும் வாத்தியம் மாற்றிக்கொள்வார்கள். டிரம்ஸில் இருந்தவர் கிட்டாரை மாட்ட, பாடியவர் குச்சியை எடுப்பார். அதோடு பாட்டின் குணமும் மாறும். ஒருவர் கத்துவார், மற்றவர் இழுத்துப் பாடுவார். நால்வர் குழுவில் ஒருவர் தடுமாறினால் மற்றவர்கள் சமாளித்துவிடலாம். இருவர் குழுவில் ஒரு குச்சி நழுவினால் பாதி இசை நின்றுவிடும். அந்தப் பதற்றத்துக்காகவே நான் இருவர் குழுக்களைத் தேடிப் போவேன்.

போகும் முன்

வாசலருகே சட்டையும் இசைத்தட்டும் விற்கும் மேசை இருக்கும். சுயாதீனக் குழுவுக்கு அடுத்த ஊருக்கான பெட்ரோல் காசு பெரும்பாலும் அங்கேதான் சேரும். சில கிளப்கள் அதிலும் பங்கு கேட்கும் என்பது தனிக் கொடுமை. சில்லறை நோட்டு வைத்திருங்கள். உங்கள் அளவுச் சட்டை வேண்டுமென்றால் கச்சேரி தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள்; முடிந்த பிறகு பெரும்பாலும் எக்ஸ்எக்ஸ்எல்தான் மிஞ்சும்.