இருளில் மின்னும் மேலங்கி

பிரான்சில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணத்தின் தூரம் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். அதிகபட்சம் 90 மணி நேரத்திற்குள் அதை முடிக்க வேண்டும் என்பதால் பங்கேற்பாளர்கள் இரவிலும் மிதிக்கின்றனர். இரவில் ஒளியைப் பிரதிபலிக்கும் மேலங்கி அணிவது அங்குக் கட்டாயம்.

மேலங்கியின் பளிச்சென்ற மஞ்சள் நிறம் பகலுக்கு உதவும். இருட்டில் அதனால் பெரிய பயனில்லை. அப்போது கைகொடுப்பது சாம்பல் நிறப் பட்டையே. அதில் பதிந்துள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள், வாகன விளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. அதனால்தான் ஓட்டுநரின் கண்ணுக்குப் பட்டை மின்னுகிறது.

அளவு பார்ப்பதில்தான் பலர் தவறுகின்றனர். கடையில் நிமிர்ந்து நின்று அணிந்து பார்க்கிறார்கள். சாலையிலோ குனிந்து ஓட்டுகிறார்கள். குனிந்ததும் மேலங்கி முதுகில் மேலேறி, பட்டை இடம் மாறிவிடும். எனவே, மிதிவண்டியில் அமர்ந்து, கைப்பிடியைப் பிடித்தபடி அளவு பார்ப்பதே முறை. இருட்டான இடத்தில் நண்பர் ஒருவர் பின்னால் நின்று ‘ஃபிளாஷ்’ வெளிச்சத்துடன் படம் எடுத்தால், எந்தப் பட்டை மறைந்துள்ளது என்பது உடனே புலப்படும். முதுகுப்பை மாட்டினால் பெரும்பாலும் எல்லாமே மறைந்துவிடும். அப்போது பையின் மேலும் பட்டை தேவை.

நம் நாட்டு வெப்பத்திற்கு வலைத்துணி மேலங்கியே ஏற்றது. தொளதொளவென்று இருந்தால் காற்றில் படபடக்கும். ஆனாலும், மழைச்சட்டையின் மேல் அணியும் அளவுக்கு அதில் இடம் இருக்க வேண்டும்.