கலர் தெரிந்தால் கேன்சரா?

அன்புள்ள மதுமிதா,

ரேடியாலஜி போஸ்டிங் தொடங்கியதுமே நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய்: மார்பகக் கட்டிக்குள் டாப்ளரில் கலர் தெரிந்தால் அது கேன்சர்தானா? இல்லை. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு ஓர் அடிப்படை இருக்கிறது.

ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர, புற்றுக்கட்டி புதிய ரத்தக்குழாய்களை வரவழைத்தாக வேண்டும் என்று ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதினார். அவசரத்தில் முளைத்த குழாய்கள் அவை. சுவரில் தசை சரியாக இராது, கோணல்மாணலாக ஓடும், வெளியிலிருந்து கட்டியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். ஃபைப்ரோஅடினோமா என்ற புற்றல்லாத கட்டியிலோ பெரும்பாலும் ஓரிரண்டு குழாய்கள் விளிம்பை ஒட்டி ஒழுங்காகச் செல்லும். ஓட்டத்தின் தடை எண் 0.7ஐத் தாண்டினால் சந்தேகம் கூடும் என்பார்கள். நான் அதைப் பெரிதாக நம்புவதில்லை. இரு வகைக் கட்டிகளின் எண்களும் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன.

எண்ணைவிடக் கை முக்கியம். புரோபைக் கொஞ்சம் அழுத்தினாலே சிறு குழாய்கள் நசுங்கி, கலர் காணாமல் போகும். ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, புரோப் தோலில் பட்டும் படாமலும் இருக்கப் பிடி. வேக ஸ்கேலையும் வால் ஃபில்டரையும் குறைத்து வை. இங்கே ரத்தம் மெதுவாகத்தான் ஓடும். சிவப்பைக் கண்டதும் தமனி என்று எண்ணாதே. ஓட்டம் புரோபை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்பதைத்தான் நிறம் சொல்கிறது. திரையைப் பார்த்துப் பயப்படும் நோயாளியிடமும் இதைச் சொல்லிவிடு.

டாப்ளர் உண்மையில் கைகொடுப்பது நீர்க்கட்டிக்குள் ஏதோ திட்டாகத் தெரியும்போதுதான். படிந்த கசடா, வளர்ந்த சதையா? உள்ளே ரத்தம் ஓடினால் அது சதை, பயாப்சிக்கு அனுப்பு. ஓட்டம் தெரியாவிட்டால் கசடு என்று முடிவு கட்டிவிடாதே.

கர்ப்பிணிகளின் ஃபைப்ரோஅடினோமா சில சமயம் கலரில் மின்னும். சிறிய புற்றுக்கட்டி ஒரு புள்ளி கலர்கூடக் காட்டாமல் இருக்கும். அதனால் கறுப்பு வெள்ளைப் படத்தை முதலில் பார். அகலத்தைவிட உயரம் கூடுதலா, விளிம்பு முள்முள்ளாக இருக்கிறதா? அப்படியென்றால் டாப்ளர் என்ன சொன்னாலும் பயாப்சிதான். மார்பகப் படங்களை வகைப்படுத்தும் பைராட்ஸ் முறையிலும் ரத்த ஓட்டம் துணை அடையாளமே.

ரிப்போர்ட்டில் ‘ரத்த ஓட்டம் அதிகம்’ என்று மொட்டையாக எழுதாதே. விளிம்பிலா, உள்ளேயா என்று குறிப்பிடு. பக்கத்தில் பெரிய குழாய் ஓடினால் அதையும் எழுது. பயாப்சி செய்பவர் ஊசியை வேறு வழியாகச் செலுத்திக்கொள்வார்.

அன்புடன்,
அத்தை