முதுகெலும்பு இணைப்பில் பலபடிப் பொருள்கள்

"முதுகில் இரும்பு வைக்கப் போகிறார்களாமே!" என்று கலங்குவோர்க்கு விடை கூற வேண்டிய நிலை நம்மில் பலர்க்கு நேர்ந்திருக்கும். வைக்கப்படுவது பெரும்பாலும் இரும்பன்று. டைட்டேனிய உலோகக் கலவையாக இருக்கலாம். நாம் இங்கு ஆராயப் புகும் பலபடியாகவும் இருக்கலாம். ஒருபடிகள் பல தொடர்ந்து சங்கிலியாவதால் பலபடி என்றனர் நம் கலைச்சொல்லறிஞர். கேட்டவுடன் பொருள் விளங்கும் நல்ல சொல்.

முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த வட்டு சிதைந்தோ, எலும்பு நழுவியோ நரம்பு அழுந்தும்போது, மருந்தும் பயிற்சியும் பயன் தராவிடின் அவ்விரு எலும்புகளையும் ஒன்றாக இணைப்பதுண்டு. 1911ஆம் ஆண்டிலேயே நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பீ என்னும் மருத்துவர் இருவர் தனித்தனியே இம்முறையை வெளியிட்டனர். அவர்கள் பயன்படுத்தியது நோயாளியின் எலும்பையே. இக்காலத்தில் வட்டை நீக்கிய இடத்தில் சிறு கூடு ஒன்றைப் பொருத்தி, அதனுள் எலும்புத் துகளை நிரப்புகின்றனர். கூடு இடைவெளியைத் தாங்கி நிற்கும். இணைப்பதோ பல மாதங்களாக அதனூடே வளரும் எலும்பு.

அக்கூடு எவ்வளவு விறைப்பாக இருத்தல் வேண்டும்? விறைப்பை அளக்கும் யங் குணகம் டைட்டேனியக் கலவைக்கு ஏறத்தாழ 110 கிகாபாஸ்கல். எலும்பின் கெட்டியான புறப்பகுதிக்கு 12 முதல் 20 வரை. சுமை தாங்கும் எலும்பே வலுப்பெறும் என்பது ஜெர்மானிய மருத்துவர் வுல்ஃப் 1892இல் வெளியிட்ட விதி. விறைத்த உலோகம் சுமையைத் தானே கவர்ந்துகொண்டால் வளர வேண்டிய எலும்பு மெலியும். கூடு முள்ளெலும்பினுள் புதைவதும் உண்டு. எக்ஸ் கதிர்ப் படத்தில் உலோகம் மறைப்பதால், எலும்பு வளர்ந்ததா என்று காண்பதும் அரிது.

பாலி ஈதர் ஈதர் கீட்டோன், சுருக்கமாகப் 'பீக்', 1978இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் உருவானது. 343 பாகை செல்சியசில்தான் உருகும். ஆதலின் நீராவியில் கிருமி நீக்கலாம். இதன் குணகம் 3 முதல் 4 கிகாபாஸ்கல். கரியிழை சேர்த்தால் எலும்பின் அளவுக்கே உயர்த்தலாம். எக்ஸ் கதிர் இதனுள் புகுந்து செல்லும். கூட்டின் இருப்பிடம் அறிய டாண்டலம் ஊசிகளைப் பதிக்கின்றனர்.

ஆயின் குறை ஒன்றுண்டு, அது சிறிதன்று. பீக்கின் பரப்பு நீரை ஒட்டவிடாது. எலும்பும் அதனைப் பற்றுவதில்லை. இடையே மெல்லிய நார்த்திசுப் படலம் தோன்றிவிடும். பரப்பில் டைட்டேனியம் பூசினர். கூட்டைத் தட்டிப் பொருத்தும்போது பூச்சு உதிரக்கூடும். எலும்பின் கனிமமான ஹைட்ராக்சி அபடைட்டைக் கலந்தும், பரப்பில் நுண்துளைகள் அமைத்தும் பார்த்தனர். இதற்கிடையில் முப்பரிமாண அச்சினால் வலைபோல் துளையிட்ட டைட்டேனியக் கூடுகள் வந்து, உலோகத்தின் விறைப்பையே குறைத்துவிட்டன. போட்டி இன்னும் முடியவில்லை.

நம் பெரியோர் கேட்பது வேறொரு வினா: இது விலங்கிலிருந்து பெற்ற பொருளா? பீக் முழுதும் வேதியியல் தொகுப்பால் ஆவது. எனினும் கூட்டினுள் நிரப்புவது நோயாளியின் இடுப்பெலும்பாகவோ, பிறர் கொடையாகவோ, விலங்குவழிப் பொருளாகவோ இருக்கலாம். ஆதலின் அறுவைக்கு முன்னரே மருத்துவரிடம் வினவ வேண்டியது கூட்டைப் பற்றியன்று, அதன் நிரப்பைப் பற்றியே.