அக்கா வார்டுக்குத் திரும்புகிறார்

ஜெலுத்தோங் தங்கச்சிக்கு,

பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, வீட்டுப் பெரியவர்களையும் பார்த்துவிட்டு, மறுபடி வார்டுக்கு வரும் மிஸ்ஸி ஒருவரை என்றைக்காவது உன் ஷிப்டில் போடுவார்கள். “எல்லாம் ஞாபகம் இருக்கா அக்கா?” என்றுதான் இளையவர்கள் முதலில் கேட்பார்கள். ஊசி பிடித்த கைக்கு ஊசி மறக்காது. நன்றாக ஞாபகம் இருப்பதுதான் காலை வாரும்.

அக்கா 2004ல் வேலையை விட்டவர் என்று வை. நோயாளிக்கு மூச்சும் நாடியும் நின்றால் அவர் கை தயங்காது. தலையைச் சாய்த்து முதலில் 2 மூச்சு, பிறகு நெஞ்சில் 15 அழுத்தம். அன்றைக்கு அதுதான் பாடம். 2005ல் அது 30க்கு 2 ஆனது. 2010ல் வரிசையே மாறி, அழுத்துவது முன்னால் வந்தது. இப்போது நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல். பழைய பாடம் தடுமாறாமல் வருவதால் பக்கத்தில் நிற்பவருக்கும் சந்தேகம் எழாது. முதல் வாரமே பயிற்சிப் பொம்மை முன்னால் அவரோடு நீயும் முட்டி போடு. நாலு பேர் பார்க்கப் பரீட்சை வைக்காதே.

காகித விஷயம் சுருக்கமானது, ஆனால் தப்ப முடியாதது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு தாதியர் சட்டப்படி லெம்பாகா ஜுருராவாட் (தாதியர் வாரியம்) தரும் ஆண்டுச் சான்றிதழ் கையில் இல்லாமல் யாரும் தாதி வேலை பார்க்க முடியாது. பிரிட்டனில் இன்னும் கறார்: 3 ஆண்டுகளில் 450 மணி நேரம் வேலை பார்த்துக் காட்ட வேண்டும்.

அக்காவிடம் நீ வாங்கிக்கொள்ள வேண்டியதும் உண்டு. 500 மில்லி டிரிப், 4 மணி நேரம். பம்பில் 125 என்று தட்டிவிட்டு நீ நகர்ந்துவிடுவாய். பம்ப் கிடைக்காத இரவில் அவர் மார்பில் குத்திய கடிகாரத்தைத் திருப்பி, உதடு அசையாமல் துளிகளை எண்ணுவார். மில்லிக்கு 20 துளி விழும் டியூபில் நிமிடத்துக்கு 42. எண்ணும்போது பேச்சுக் கொடுத்தால் கோபம் வரும், சொல்லிவிட்டேன்.

2008ல் நம் சுகாதார அமைச்சு வலியை ஐந்தாவது வைட்டல் சைனாக்கியது. அக்கா வேலையை விட்டபோது அந்தக் கட்டம் சார்ட்டில் இருந்திருக்காது. பூஜ்யம் முதல் பத்து வரை கேட்கும் முறையை நீதான் அவருக்குக் காட்ட வேண்டும். இடுப்பெலும்பு முறிந்த பாட்டியிடம் நீ கேட்டுப் பார். “கொஞ்சந்தாம்மா” என்று சிரிப்பார். அடுத்த கட்டில் சீன ஆச்சியிடம் மலாயில் கேட்டாலும் அதே சிரிப்புதான் வரும்.

அக்கா எடுத்ததும் எண்ணைக் கேட்க மாட்டார். போர்வையைப் பிடித்திருக்கும் விரல்களைப் பார்ப்பார். “இந்தப் பக்கம் லேசா திரும்புங்க பாட்டி” என்று முதுகுக்குக் கை கொடுத்து, அந்த நேரத்தில் கேட்பார். இப்போது பாட்டி எட்டு என்பார்.

நீ சார்ட்டில் 8 என்று எழுது.